டப்பாவின் பின்பக்கம்

வியாழன், இரவு.

அரியூர் நாட்டைச் சேர்ந்த கொத்தனார் முருகேசன் இன்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கண் இரண்டும் மஞ்சள். மூன்று நாளாகக் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறானாம். காமாலையில் உடம்பு இளைக்கிறதென்று, ஜிம்மில் வாங்கி ஒரு மாதமாகப் போடும் மாத்திரையை இப்போது இரண்டிரண்டாக வேறு போட்டிருக்கிறான்.

"சத்து மாத்திரைதானுங்க சிஸ்டர். ஆணழகன் போட்டி வரைக்கும் போட்டுக்கிறேனுங்க."

டப்பாவை வாங்கித் திருப்பினேன். பின்பக்கம் பொடி எழுத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உட்கொள்ளக் கூடாது என்று ஆங்கிலத்தில் இருந்தது.

ஈரல் கெட்டிருக்கலாம் என்று டாக்டர் உடனே நாமக்கல்லுக்கு அனுப்பினார். இன்னும் தகவல் இல்லை.

ஆம்புலன்ஸில் ஏறும்போது அவன் மனைவி என் கையைப் பிடித்தாள். "போன மாசம் இந்த டப்பாவை உங்ககிட்டக் காட்டிக் கேட்டுத்தானுங்க அவருக்குக் குடுத்தேன்."

உண்மைதான். அன்று முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, கொடு என்றேன்.