முதல் சாட்சி என் அண்ணன்

செங்கல்பட்டு
6.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? போன மாதம் வருகிறேன் என்று சொல்லி வராமல் போனதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பேசினால், சாட்சியைக் கலைத்தேன் என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள். கடிதத்தை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே உன் கிராமத்தில் பதினோரு முஸ்லிம் பெண்கள் மேல் போட்ட வழக்கு என்னிடம் வந்திருக்கிறது. முன்பு நடத்திய வக்கீல் பாதியில் விலகிவிட்டார். நீ அந்த ஊர் வி.ஏ.ஓ. என்பது தெரிந்துதான் வாங்கினேன். புகார் கொடுத்ததே நீதான் என்பது வழக்குக் கட்டைப் பிரித்தபிறகுதான் தெரிந்தது.

அவர்கள் சொந்த நிலத்தில் கட்டிய இரண்டு அறைத் தொழுகைக்கூடத்தை போன வருடத் தொடக்கத்தில் அதிகாரிகள் பூட்டி சீல் வைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, பூட்டைத் திறக்கக் கேட்டு, கோரிக்கை அட்டையைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்தார்கள். போலீஸ் ஜீப் மேல் கல் எறிந்தார்கள், நேரில் பார்த்தேன் என்று நீ எழுதியிருக்கிறாய். குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் பெயர் ஜெய்புன்னிசா. தையல்காரர், ஐம்பத்தாறு வயது. அவரிடம் கேட்டேன். "வாயக்கூடத் தொறக்கலம்மா, உக்காந்துகினு இருந்தோம். அந்த ரோட்டுல கல்லு எங்க கீது, மண்ணுதான் கீது" என்றார்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. எதிர்த்தரப்பில் நான் இருக்கிறேன் என்பது கோர்ட் வாசலில் உனக்குத் தெரியவரக் கூடாது, அவ்வளவுதான்.

அன்புடன்,
தமிழ்ச்செல்வி

மதுராந்தகம்
14.10.2025

செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

வேறு வழக்கே உனக்குக் கிடைக்கவில்லையா? இங்கே கடைத்தெருவில் நம் ஆட்கள் என்னை நிறுத்தி, "இன்னா அண்ணாத்த, உன் தங்கச்சி அவங்க பக்கம் சேந்துகினாங்களாமே" என்று கேட்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வண்டியைக் கிளப்புகிறேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை. உன் அண்ணி வேண்டாவின் தம்பி மகளுக்குச் செய்யூரில் காதுகுத்து. லீவு சொல்லாமல் போய்விட்டேன். சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. போனால், புகார் தயாராக டைப் அடித்து வைத்திருந்தார்கள். "நீ எங்க இருந்தேன்னு நாங்க கேக்கல. கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்றார் அதிகாரி. போட்டேன். போடாவிட்டால் வேலையிடத்தில் இல்லாததற்கு மெமோ வரும். இருபத்திரண்டு வருட சர்வீஸில் எனக்கு ஒரு மெமோ கிடையாது.

அந்தப் பெண்கள் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. எப்படியும் விடுதலையாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீ விலகிக்கொள். படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

கலையரசன்

செங்கல்பட்டு
20.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கிழிக்கவில்லை. என் பீரோவில் இருக்கிறது.

எப்படியும் விடுதலையாகும் என்கிறாய். பதினோரு பேரும் ஒன்றரை வருடமாக மாதம் ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்து நிற்கிறார்கள். அவர்களில் ஃபைஸா என்று ஒரு பெண், நர்சிங் முடித்திருக்கிறாள். வழக்கு இருப்பதால் வேலை கிடைக்கவில்லை. அவர்கள் தங்கள் சாமியைக் கும்பிட ஓர் இடம் கேட்டு, கையில் ஒரு குச்சிகூட இல்லாமல் உட்கார்ந்தவர்கள். அரசியல் சட்டமே கொடுத்த உரிமை அது. அதைக் கல்லெறிதல் என்று எழுதிய தாளில் உன் கையெழுத்து இருக்கிறது.

உன்னை நான் குறுக்கு விசாரணை செய்யப்போவதில்லை. என்னால் முடியாது. என் சீனியர் மோசஸ் சார் செய்வார். ஆனால் விலக மாட்டேன், அதே மேஜையில்தான் உட்கார்ந்திருப்பேன். சாட்சி என் அண்ணன் என்று ஜெய்புன்னிசாம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நீங்களே இருங்கம்மா" என்றார்.

அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதனால் உன் கடிதத்தைக் கோர்ட்டில் கொடுக்க மாட்டேன் என்று உனக்கு வாக்குத் தர முடியாது. மிரட்டுகிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

தமிழ்ச்செல்வி

மதுராந்தகம்
20.11.2025

செல்விக்கு,

அன்று கோர்ட்டில் நடந்தது நீ மேஜையிலிருந்து பார்த்ததுதான். ஆனாலும் கூண்டில் நின்றவன் நான். எனக்கு நடந்தது உனக்குத் தெரியாது.

உன் கடிதத்துக்குப் பயந்து உண்மையைச் சொன்னேன் என்று நினைக்காதே. அதற்கும் தயாராகத்தான் வந்தேன். நீ கடிதத்தை நீட்டினால், வழக்குக்காக என் தங்கை அழுது எழுதி வாங்கினாள் என்று சொல்ல நினைத்திருந்தேன். அதற்கு முந்தின நாள் முழுக்க அதைச் சொல்லிப் பார்த்தேன். உன்னைப் பொய்க்காரி ஆக்குவதற்கு என் வாய் நன்றாகப் பழகிவிட்டது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மோசஸ் சார் எழுந்திருக்கவே வேலை வரவில்லை. அரசு வக்கீல்தான் கேட்டார். "கல் எறிஞ்சவங்க இங்க இருக்காங்களா? கைய நீட்டிக் காட்டுங்க." இப்படிக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். பெயர் தெரியும், முகம் தெரியாது. பதினோரு பேர் வரிசையாக நிற்கிறார்கள். யாரையாவது காட்டினால் போதும். கையைத் தூக்கினேன். அது கடைசியில் நின்ற சின்னப் பெண் பக்கம் போனது. அவள் பின்வாங்கவில்லை. என்னையே பார்த்தாள், அவ்வளவுதான். நான் விரலை நிறுத்துகிற இடத்தில் யார் நிற்கிறாளோ அவள்தான் கல் எறிந்தவள். இத்தனை நாள் அது வெறும் தாளாக இருந்தது.

கை தானாக இறங்கிவிட்டது.

"அன்னிக்கி நான் அங்க இல்லீங்கம்மா" என்றேன். மாஜிஸ்டிரேட் பேனாவை வைத்துவிட்டு, "எங்க இல்ல?" என்றார். "ரோட்டுல. செய்யூர்ல இருந்தேன்." "அப்போ இந்தப் புகார்?" "டைப் அடிச்சி வெச்சிருந்தாங்க. கையெழுத்து என்னுது."

வெளியே வந்தபோது வரிசையில் நின்ற ஒரு அம்மா எதிரே வந்தார்; ஜெய்புன்னிசா என்று யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். அவர் வழி விட்டு நின்றார்.

இன்றைக்கு சஸ்பென்ஷன் ஆர்டர் வந்துவிட்டது.

கலையரசன்

செங்கல்பட்டு
27.12.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்தொன்பதாம் தேதி தீர்ப்பு வந்தது. பதினோரு பேரும் விடுதலை. அமைதியாக உட்கார்ந்து கோரிக்கை வைப்பது குற்றமாகாது என்று மாஜிஸ்டிரேட் தனியாக ஒரு பத்தி எழுதியிருக்கிறார். ஃபைஸா சத்தமில்லாமல் அழுதாள். ஜெய்புன்னிசாம்மா மட்டும், "அப்போ பூட்டு?" என்று கேட்டார். அது ஹைகோர்ட்டில் இருக்கிறது, இன்னும் நாளாகும் என்றேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. அதே இடத்தில் அதே அட்டைகளோடு மறுபடி உட்கார்ந்தார்கள். கருப்புக் கோட்டை வீட்டில் வைத்துவிட்டு நானும் போயிருந்தேன். இரண்டு போலீஸ்காரர்கள் பஸ்ஸுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள், வேறொன்றும் செய்யவில்லை. பூட்டு அப்படியே தொங்குகிறது.

கூண்டில் நீ பொய் சொல்லியிருந்தால் உன் கடிதத்தை மோசஸ் சாரிடம் கொடுத்திருப்பேன். பையில் கொண்டுவந்திருந்தேன். நீ செய்ய நினைத்திருந்ததை நீ சொன்னாய், இது நான் நினைத்திருந்தது.

உன் மேல் நடக்கும் துறை விசாரணைக்கு நான் வரட்டுமா? எந்தத் தேதியானாலும் வருகிறேன்.

தமிழ்ச்செல்வி

மதுராந்தகம்
31.12.2025

அன்புள்ள செல்விக்கு,

விசாரணைக்கு நீ வேண்டாம். மோசஸ் சாரிடம் பேசிவிட்டேன், பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். தங்கை பேசித்தான் அண்ணன் சாட்சி மாறினான் என்று ஏற்கெனவே துறை மெமோவில் எழுதியிருக்கிறார்கள்.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பாதிச் சம்பளத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டா உன் பெயரை எடுப்பதில்லை. நேற்று வழக்குக் காகிதங்களை எல்லாம் எடுத்துவரச் சொல்லி, விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, தீர்ப்பில் என் பெயர் வருகிற இடத்தை இரண்டு முறை படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வருவதானால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடு. அவள் பேசமாட்டாள். நீயாகப் பேச்சுக் கொடு.

அண்ணன்