மகளுக்கு எழுதிய குடும்பப் பெயர்

14 ஒக்டோபர், செவ்வாய்
எட்மண்டன்

மகளின் பிறப்பைப் பதியப் போனோம். "மிஸ்டர் செல்லத்துரை" என்று கூப்பிட்டார்கள். அது அப்பாவின் பெயர். இந்த நாட்டுக் கடதாசிகளில் அதுதான் என் குடும்பப் பெயர். கையை உயர்த்திக்கொண்டு எழுந்தேன்.

பதிகிறவள் ஒரு சீனப் பெண். சட்டையில் 'சென்' என்று பெயர் அட்டை. மகளின் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள். எங்கள் வழக்கப்படி என் பெயரைத்தான் போடவேண்டும். அப்பாவின் பெயர் என்னோடு நின்றுவிடும். நேரம் கடத்த, "உங்கள் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவைத்தேன்.

"பழையது என்று ஒரு அர்த்தம். ஆனால் முதலில் அது ஒரு சிறிய நாடு. பக்கத்து நாடு அதை விழுங்கியதும், சிதறிய சனங்கள் அந்தப் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். இப்போது தென்சீனாவில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு சென் இருப்பார்," என்றாள், மிகச் சாதாரணமாக.

மனைவி முழங்கையால் இடித்தாள். "என்னப்பா யோசிக்கிறியள்? உங்கட பேரைச் சொல்லுங்கோ."

செல்லத்துரை என்று சொன்னேன்.

பஸ்ஸில் மனைவி ஒன்றுதான் கேட்டாள். "காணாமல்போன ஆளின்ர பேரை ஏன் பிள்ளைக்கு?"

ஊரில், நாங்கள் இருந்த அகதி முகாமின் வாசலில் அன்று ஆமிக்காரர் ஒரு பட்டியலை வாசித்தார்கள். எனக்குப் பத்து வயது. பெயர் வந்ததும் அப்பா கையை உயர்த்திக்கொண்டு எழுந்து போனார்.

இனி எங்காவது ஒரு காத்திருப்பு அறையில் அந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள். மகள் கையை உயர்த்துவாள்.