கடைசிப் படத்தில் அவள் பார்த்த பக்கம்

மச்சாள்,

உம்முடைய கமராவின் தோள்பட்டியில் இன்னும் ஓடிக்கொலோன் மணக்கிறது. பஸ்ஸில் தலை சுற்றாமல் இருக்க என்று சொல்லிக் கழுத்தெல்லாம் அதைப் பூசிக்கொண்டு திரிந்தவர் நீர். நேற்று மலையிலிருந்து திரும்பி வந்து, நனைந்துபோன பட்டியை ஹீட்டருக்கு மேல் காயப்போட்டேன். சூடு ஏற ஏற அந்த மணம் குசினிவரைக்கும் வந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. போய்ச் சேர்ந்த பிறகும் என் வீட்டில் என் கறி மணத்தை மேவிக்கொண்டு நிற்கிறீரே என்று.

உம்மில் எனக்கு இருந்தது பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் தேட எனக்கு விருப்பமில்லை. உம்முடைய செத்தவீட்டுக்கு வந்தவர்கள், "மச்சாளும் மச்சாளும் கூடப்பிறந்ததுகள் மாதிரி" என்று சொன்னபோது தலையாட்டிக்கொண்டு நின்றேன். அதுவும் பொய்யில்லைத்தான். என் மனுஷனின் தங்கச்சி நீர். இரண்டு பேருக்கும் ஒரே வயது. லெ பிளாங்-மெனிலில் ஒரே கட்டடத்தில் நீர் மேல் வீட்டிலும் நான் கீழ் வீட்டிலும் இருந்து, ஒரு கறிச் சட்டியை இரண்டு வீட்டுக்கும் பங்கிட்டவர்கள். பெப்ரவரி மாதம் வந்தால் மட்டும் எனக்கு உம்மைக் கண்ணில் காட்டக் கூடாது.

உமக்குப் பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை. பெப்ரவரி விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடினால் பிள்ளைகளோடு உமக்கும் வக்கான்ஸ். எனக்கோ லா சப்பலில் ஒரு சாறிக் கடையில் வேலை. கோடைகாலக் கலியாணங்களுக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும் சனம் அந்த மாதத்தில்தான் வந்து குவியும். என் மகள் ஆரணியின் விளையாட்டுக் கழகம் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வோஜ் மலைக்குப் பனி விளையாட்டுக்குக் கொண்டுபோகும்போது, கூட வருவதற்குப் பெரிய ஆட்கள் வேண்டும் என்று கேட்பார்கள். நீர்தான் போவீர். நான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யாரோ ஒரு பொம்பிளையின் தோளை அளந்துகொண்டிருப்பேன். நீர் என் பிள்ளையோடு பனியில் நிற்பீர்.

பிறகு அந்தக் கமராவை வாங்கினீர். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்று பெட்டியிலேயே எழுதியிருந்ததைப் பார்த்து நான் சிரித்தேன்.

"ஃபோனிலை எடுக்க ஏலாததை உதிலை என்னத்தை எடுக்கப்போறீர்?"

"ஃபோனை நான் அமத்தி முடிக்கிறதுக்குள்ளை உம்மட மகள் மற்றப் பக்கத்திலை போய் நிப்பாள். உவளைத் தொடர்ந்து தடதடவெண்டு எடுக்கவேணும், மச்சாள்."

முதல் வருஷம் நீர் கொண்டுவந்த படங்களைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பனி சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஆட்களெல்லாம் கரிக்கட்டை. ஒரு படத்தில் அரைப் பலகை, இன்னொன்றில் வெறும் ஆகாயம். "பனியைக் கண்டு கமரா பயப்பிடுது. வெளிச்சத்தை ஒரு படி கூட்டி விடவேணுமாம்" என்று சொல்லிக்கொண்டு போனீர். அதோடு விட்டுவிடுவீர் என்று நினைத்தேன். நீர் விடுகிற ஆளா?

அடுத்த வருஷம் என் குசினி மேசையில் கமராவை வைத்து, பெருவிரலால் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினீர். ஸ்னோபோர்ட் என்கிற ஒற்றைப் பலகையில் இரண்டு காலையும் பூட்டிக்கொண்டு ஆரணி சரிவில் வருகிறாள். பனியைக் குவித்துக் கட்டிய மேட்டில் ஏறுகிறாள். முழங்கால் மடங்குகிறது. பலகை மேட்டை விட்டுக் கிளம்புகிறது. ஆகாயத்தில் குறுகி, விரிந்து, இறங்கி, பனித்தூளைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறாள். என் வயிற்றில் இருந்து வந்தவள் அந்தரத்தில் நிற்பதை நான் முதல்முதல் உம்முடைய கமராவில்தான் கண்டேன்.

"கண்டவுடனை அமத்தக் கூடாது" என்று எனக்கு விளக்கம் வேறு. "இந்தக் கமராவுக்குச் சின்ன வயிறு. கொஞ்சப் படத்தோடை நிரம்பி, திக்குமுக்காடி நிண்டிடும். அவள் முழங்காலை மடக்கேக்கை அமத்தவேணும். இறங்கித் திரும்பும் மட்டும் விரலை எடுக்கக் கூடாது." மேலதிகப் பற்றரியைச் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்திருப்பீர். குளிரில் அது செத்துப்போகுமாம். கோழிக்குஞ்சு மாதிரி வைத்திருக்க வேண்டுமாம். கன்ரீனில் உம்மோடு வேலை செய்தவர்களுக்கு இதைப் பிரெஞ்சில் சொல்லிச் சிரிக்க வைத்ததாகவும் சொன்னீர்.

அந்தப் படங்களில் ஒன்றை நான் பெரிதாக அடித்து, சட்டம் போட்டு, அவள் பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்தியவீட்டுப் படத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டியது உமக்கு நினைவிருக்கும். எங்கள் ஆட்களுக்குப் படம் என்றால் முகம்தானே. ஆரணியின் பனிக்கண்ணாடி மேலே நழுவி, முழு முகமும் தெரிந்த ஒரே படம் அது. கையிரண்டையும் விரித்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு பறக்கிறாள். திரான்சியிலிருந்து வந்த என் தமக்கை பார்த்துவிட்டு, "கோயில் சிலை மாதிரி இருக்கிறாள்" என்றாள். அன்று பின்னேரம் ஆரணி வந்தாள். சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

"அம்மா, இதிலை நான் விழுறன்."

"விழுறவள் சிரிப்பாளோ?"

"சிரிக்கேல்லை. கத்துறன்."

நீர் தேத்தண்ணிக் கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டிருந்தீர். தோள் குலுங்கியதை நான் கண்டேன். பிறகு, "உமக்கு முகம், மச்சாள். உவளுக்கு முழங்காலிலையெல்லோ முகம் இருக்கு. நீட்டிக்கொண்டு நிண்டால் விழப்போறாள் எண்டு அர்த்தம்" என்றீர். அவளும் உம்மோடு சேர்ந்து சிரித்தாள். என் பிள்ளை பறக்கிறாளா விழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, உமக்குத் தெரிந்தது. அன்றிரவு உமக்கென்று எடுத்து வைத்த கணவாய்க் கறியை நான் மேலே அனுப்பவில்லை.

ஆனால் என்னை உண்மையாகச் சுட்டது பறக்கிற படங்கள் அல்ல. ஒவ்வொரு தொடரிலும் கடைசிப் படம். இறங்கி நின்றதும் கண்ணாடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு, மூச்சு வாங்க வாங்கக் கமராப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். மாமி, எடுத்தனீங்களா என்று வாய் கேட்பது படத்திலேயே தெரியும். அந்தக் கண்ணில் இருந்த வெளிச்சத்தை நான் வீட்டில் கண்டதில்லை. நான் கூப்பிட்டால் ஃபோனைப் பார்த்தபடி பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். சாப்பாடு போட்டால் சோத்துக் கோப்பையைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் ஒன்று, ஒரேயொன்று எனக்கு வந்தால் போதும் என்று இருந்தது.

"உந்தக் கடைசிப் படங்களை அழியுமன். அதுகளிலை பாய்ச்சல் ஒண்டும் இல்லையே" என்று ஒருநாள் சொன்னேன்.

நீர் என்னைப் பார்த்தீர். விளங்கிவிட்டது உமக்கு. "அதுதான் மச்சாள் எனக்குச் சம்பளம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கமராவை மூடினீர். தங்கச்சிக்குப் பிள்ளை இல்லை, கொஞ்சம் விட்டுக்கொடு என்று என் மனுஷன் சொல்லுவார். அதைக் கேட்டால் கோபம் இன்னும் கூடும். விட்டுக்கொடுக்கிறதற்கு என் கையில் என்ன இருந்தது?

போன இலையுதிர் காலத்தில் நோய் வந்து, மரங்கள் மொட்டையாவதற்குள் உம்மைக் கொண்டுபோய்விட்டது. கமரா எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆரணி அதைத் தொடவில்லை. "நீங்கள் வைச்சிருங்கோ" என்றாள். இப்போது அவளே அந்தக் கழகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பழக்குகிறாள். இந்த மாசியிலும் மலைக்குப் போவதாகச் சொன்னாள். நான் கடையில் லீவு கேட்டேன்.

முதலாளி நம்பவில்லை. "மாசியிலையோ, அக்கா?"

"ஓம். மாசியிலைதான்."

ஆரணியும் நம்பவில்லை. "அங்கை குளிரும், அம்மா" என்றாள். "மாமிக்குக் குளிரேல்லையோ?" என்று கேட்டேன். அவள் என் சப்பாத்தைப் பார்த்தாள், பிறகு போய்த் தன்னுடைய பழைய பனிச் சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தாள்.

பற்றரியைச் சட்டைக்குள் வைத்தேன், மச்சாள். வெளிச்சத்தை ஒரு படி கூட்டினேன். பிள்ளைகளின் பெற்றோர் நிற்கிற வலது பக்கத்தில், உட்காருகிற வாங்குக்குப் பக்கத்தில் நின்றேன். பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதற்காக ஆரணி மேலிருந்து வந்தாள். முழங்கால் மடங்கியது. அமத்தினேன். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன், ஆனால் விரலை எடுக்கவில்லை. கமரா தடதடத்து, வயிறு நிரம்பி நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தால் எல்லாம் படத்தில் விழுந்திருந்தது. மடங்கிய முழங்கால், பலகையின் அடிப்பக்கம், பனித்தூள், வெள்ளையான பனி. உம்மைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல் இருந்தது. கடைசிப் படத்துக்கு வந்தேன். அதில் அவளுடைய தலைக்கவசத்தின் பின்பக்கம்தான் இருந்தது.

அவள் மற்றப் பக்கம் திரும்பியிருந்தாள். அங்கே ஒரு செம்மஞ்சள் கம்பம் நட்டிருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கையை ஆட்டினாள், தெருவில் தெரிந்த ஆளைக் கண்டால் ஆட்டுகிற மாதிரி. இரண்டாம் முறையும் அப்படித்தான். அவளுக்கே தெரியாமல் தலை அந்தப் பக்கம் போகிறது. ஆளில்லாத வெறும் இடத்தின் மேல் எனக்குப் பொறாமை வந்தது.

நான் யோசிக்கவில்லை. கீழால் சுற்றிக்கொண்டு அந்தக் கம்பத்துக்கு நடந்தேன். முழங்கால்வரைக்கும் கால் பனியில் புதைந்தது. ஒருதரம் விழுந்தும் எழும்பினேன். அங்கே போய் நின்ற பிறகுதான் விளங்கியது, மேடு முழுவதும் அங்கிருந்துதான் தெரியும். நல்ல இடமாகப் பார்த்துத்தான் பிடித்திருந்தீர்.

மூன்றாம் முறை வந்தாள். இந்தத் தரம் கண்ணை மூடவில்லை. எழும்பினாள், இறங்கினாள், கண்ணாடியை மேலே தள்ளினாள், திரும்பினாள். பார்த்தாள். அதே வெளிச்சம். வாய் பாதி திறந்தபடி. அதோடு கமரா நிரம்பி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவளுடைய முகம் மெல்ல மெல்ல மாறியதைக் கமரா எடுக்கவில்லை, நான் கண்டேன். பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு நடந்து வந்து, என் தோளில் நெற்றியை வைத்தாள். பட்டி அவளுடைய மூக்குக்குக் கிட்ட இருந்திருக்க வேண்டும்.

"மாமி மணக்குது" என்றாள்.

அந்த நேரத்திலும் நீர்தான். நான் அவளைத் தள்ளிவிடவில்லை. நல்லாய் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது பட்டி காய்ந்துவிட்டது. விழுகிற படத்தைச் சுவரிலிருந்து கழற்றப்போவதில்லை. அது நான் தெரிந்தெடுத்தது. அதற்குப் பக்கத்தில் இந்தக் கடைசிப் படத்தை மாட்டப்போகிறேன். ஆர் எடுத்தது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். நான் என்று சொல்லுவேன். உம்முடைய கமரா, உம்முடைய இடம், அவள் அந்தப் பார்வை பார்த்ததும் உம்மைத்தான். எல்லாம் எனக்குத் தெரியும், மச்சாள். ஆனால் அங்கே நின்று அதை வாங்கியது நான். திருப்பித் தரமாட்டேன்.