உப்பு பிடிச்சு வெச்ச ரெண்டு கிலோ

மச்சான் ஸியாத்,

சோறும் கீரையும் சட்டிக்குள்ள. உப்புப் போடல்ல. கதவுப் பூட்டுத் திறப்பு ஜன்னலுக்கு மேல.

நீ சோத்தைக் குறைச்சும் மூணு நாள்ல ரெண்டு கிலோ நிறை கூடினதுக்கு, ஒளிச்சுத் திங்கிறாயெண்டு உன்னை ஏசினது என்ர பிழை. கிளினிக் மிஸ்ஸிட்டக் கேட்டன். நான் ஆக்கித் தந்த கருவாடும் ஊறுகாயும்தான் காரணமாம். உப்புக் கூடினா உடம்பு தண்ணியப் பிடிச்சு வெச்சிக்குமாம். அது கொழுப்பில்லயாம், உப்பைக் குறைச்சா இறங்கிடுமாம்.

பதினைஞ்சு வருஷமா உப்பளத்தில தண்ணிய வத்த வெச்சு உப்பெடுக்கிறன். அதே உப்பு உடம்புக்குள்ள போய்த் தண்ணியக் கூப்பிட்டு இருத்தி வெக்கிது. சுப்ஹானல்லாஹ், விடிஞ்சதிலயிருந்து இதே யோசனதான்.

ஜவ்பர்

பி.கு: நீ பேக்கைக் கட்டி வெச்சிரிக்கிறதக் கண்டன். கோவிச்சிக்கிட்டு மன்னாருக்குத் திரும்பிப் போயிடாத மச்சான். இந்த அறையில கதைக்க எனக்கு வேற ஆளில்ல.