றமீஸா வெட்டிய பிறை

ஏறாவூர்
ஷவ்வால் பிறை பன்னிரண்டு

அன்பு மகள் சஹ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் பிள்ளைகளும் அங்கே நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே வாப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்கும் உடம்பில் ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. தினமும் போனில் கதைக்கிற உம்மா இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறா என்று நீ யோசிப்பாய். போனில் உன் முகம் தெரியும் மகள், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு முடியவில்லை. பக்கத்து வீட்டு மருமகன் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். போன கிழமை நீ கேட்டாயே, ஜிப்ரி ஹாஜியாரின் பெண்சாதி உன் பெருநாள் அட்டைகள் வடிவாக இருக்கின்றன என்று வாழ்த்து அனுப்பியிருக்கிறா, அது என்ன அட்டை உம்மா என்று. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த அட்டைகளைச் செய்தது உன் தம்பி நௌஷாட்டின் பெண்சாதி றமீஸா. அவளுடைய வாப்பா கந்தோர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் றப்பர் சீல் வெட்டிக் கொடுக்கிறவர் என்று உனக்குத் தெரியும். பெண்ணுக்குச் சீதன வீடு கட்டி முடிக்க அவரால் முடியாமல் போனதால்தான் கலியாணம் முடிந்து இரண்டு வருடமாக நௌஷாட்டும் அவளும் எங்களோடு இருந்தார்கள். நான் அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நடப்பில் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். இந்த நோன்பில் அவள் வாப்பாவின் கடையில் மிஞ்சிய றப்பர் துண்டுகளைக் கொண்டுவந்து, ஒன்றில் பிறையும் அதன் கீழே ஒரு சின்னத் தோணியும், இன்னொன்றில் ஈத் முபாரக் என்ற எழுத்துகளும் வெட்டினாள். எழுத்தை எல்லாம் மறுபக்கமாகத் திருப்பி வெட்ட வேண்டும், அப்போதுதான் கடதாசியில் நேராக விழும். வெட்டியதை மரத்துண்டில் ஒட்டி, தடித்த பிறிஸ்டல் போட் மட்டையைச் சின்னச் சின்னதாக நறுக்கி, ஊதா மையிலும் பச்சை மையிலும் தொட்டுக் குத்தினாள். கூட அழுத்தினால் மை பரவிப்போகும், குறைய அழுத்தினால் தோணி பாதிதான் விழும். ஒவ்வொன்றாகக் காயவைத்து, ஓட்டை போட்டு, நூல் கோத்து, பலகாரப் பெட்டிகளில் கட்டித் தொங்கவிடலாம் மாமி என்று கொண்டுவந்து காட்டினாள். பலகாரத்துக்கும் சீல் குத்துறதா, இது என்ன கந்தோர்க் கடிதமா என்று நான் சிரித்தேன். அவளும் கூடச் சிரித்தாள், பாவம்.

நோன்பு பாதியில் ஜிப்ரி ஹாஜியார் வீட்டுக்கு மஸ்கட் பலகாரம் கொடுத்தனுப்பினேன், மாதிரிக்கு ஓர் அட்டையை அவள் அதில் கட்டிவிட்டிருந்தாள். அடுத்த நாள் நோன்பு திறந்த கையோடு ஹாஜியாரும் பெண்சாதியும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பெருநாளுக்குத் தன் உடுப்புக் கடையில் கொடுக்கிற பைகளில் கட்ட இருநூறு அட்டை வேண்டும், இது யாருடைய கை என்று ஹாஜியார் கேட்டார். றமீஸா தேத்தண்ணித் தட்டோடு எனக்குப் பக்கத்தில் நிற்கிறாள், அவளுடைய விரல்களில் ஊதா மை இன்னும் போகவில்லை. நான் அவளைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்: "இது எங்கட சஹ்லாட வேலை. அங்க இரிந்து படம் கீறி அனுப்புவா, இவ சும்மா குத்தி எடுக்கிறதுதான்." றமீஸா தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஹாஜியாரின் பெண்சாதி உன்னைப் புகழ, நான் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன்.

ஏன் சொன்னேன் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தரம் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். நீ சித்திரம் படிக்க இடம் கிடைத்து வந்து நின்றபோது, படமும் கிடமும் கீறிக்கொண்டு திரிந்தால் யார் கலியாணத்துக்குக் கேட்பார்கள் என்று உன்னை அனுப்பாமல் விட்டவள் நான். உன் சித்திரக் கொப்பிகளைக்கூடப் பழைய கடதாசிக்காரனுக்குப் போட்டேன். ஹாஜியாரின் பெண்சாதி முன்பு ஒரு தரம் உங்கட மகள் அங்கே என்ன செய்கிறா என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் அன்றைக்குச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உன்னிடமிருந்து பறித்ததை இன்னொருத்தியிடமிருந்து பறித்து உனக்குத் தரப் பார்த்தேன். றமீஸாவுக்குப் பெருமை வருவது எனக்குப் பொறுக்கவில்லை என்பதும் உண்மைதான், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

றமீஸா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, நௌஷாட்டிடம்கூடச் சொல்லவில்லை. இருநூறு அட்டையையும் தனியே குத்தி முடித்துக் கொடுத்தாள். பெருநாள் அன்று அவளுடைய வாப்பா சாப்பிட வந்திருந்தார். நான் குசினியில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன், விறாந்தையில் தகப்பனும் மகளும் கதைப்பது கேட்டது. அதற்கு முந்தின நாள் ஹாஜியாரின் கடைக்குப் போனவர், அந்த அட்டையைப் பார்த்ததும் இது என் மகள் வெட்டின சீல் என்று சந்தோசத்தில் சொல்லியிருக்கிறார். கடையில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். இது கட்டாரிலிருந்து வந்த வேலை, நீங்க மூத்தவர், நோன்பும் அதுவுமாகப் பொய் சொல்லாதீங்க காக்கா என்று ஒருவர் சொன்னாராம். தன் மகளின் கத்தி போகிற போக்குத் தெரியாத மனிதரா அவர். ஆனாலும் அவர் மெல்லிய குரலில் சொன்னது, "எனக்குக் கண் மங்கிப்போச்சுப் போல மகள், பிழையாச் சொல்லிட்டன்." அவள், "ஓம் வாப்பா, அது மதினி கீறினதுதான்" என்றாள்.

என்னைக் காப்பாற்றுவதற்காகப் பெற்ற தகப்பனைப் பொய்யனாக விட்டாள் மகள். அந்த நிமிடத்திலேயே நான் வெளியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அவருடைய சோற்றுப் பீங்கானில் இன்னும் ஓர் இறைச்சித்துண்டு கூட வைத்தேன், அவ்வளவுதான் செய்தேன். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய வெட்கம்.

நாலாம் நாள்தான் எனக்குத் தைரியம் வந்தது. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு உன் வாப்பாவிடமும் சொல்லாமல் தனியே ஹாஜியாரின் கடைக்குப் போனேன். கடையில் சனம் இருந்தது, இருக்கட்டும் என்றுதான் அந்த நேரம் போனேன். அட்டை றமீஸாவின் வேலை, என் மகள் அதில் ஒரு கோடும் கீறவில்லை, நான் சொன்னது பொய் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். ஹாஜியார் என் முகத்தைப் பார்க்காமல், அப்படியென்றால் அந்த மனிசனை அல்லவா நாங்கள் பொய்யன் என்று சிரித்தோம் என்றார். அங்கிருந்து நேரே சீல் கடைக்குப் போனேன். றமீஸாவின் வாப்பா எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார். நான் சொல்லி முடித்ததும், அப்ப என்ட கண் சரியாத்தான் இரிக்கி என்று மட்டும் சொன்னார், ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அடுத்த நாள் ஹாஜியாரும் அங்கே போய் மன்னிப்புக் கேட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து றமீஸாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். உடனே அழுது கட்டிப்பிடிப்பாள் என்று நான் நினைத்திருந்தேன் போலும், அவள் அப்படிச் செய்யவில்லை. "எனக்குக் கோவமில்ல எண்டு சொன்னா அது பொய் மாமி. கடையில போய்ச் சொன்னீங்களே, அது வாப்பாவுக்குப் போதும். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்" என்றாள். நௌஷாட்டுக்கும் அன்றைக்குத்தான் எல்லாம் தெரியவந்தது, அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இந்தத் திங்கட்கிழமை இரண்டு பேரும் புன்னக்குடா வீதியில் அவளுடைய வாப்பா கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஓர் அறைக்குத்தான் கூரைத் தகரம் போட்டிருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, சலாம் சொல்லித்தான் போனார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் அட்டை வேண்டும் என்று ஹாஜியார் அவளிடமே நேரில் சொல்லியிருக்கிறாராம்.

மகள், உன் பெயரை உன்னிடம் கேட்காமல் பொய்க்கு எடுத்தேன், என்னை மன்னித்துக்கொள். ஹாஜியாரின் பெண்சாதிக்கு உண்மை தெரியும், ஆனாலும் நீயும் ஒரு சொல் எழுதிவிடு. நேற்று றமீஸாவைப் பார்க்கப் போனேன், உனக்குக் கடிதம் எழுதுவதையும் சொன்னேன். எழும்பி உள்ளே போய், கை அகலத்தில் வெட்டாத றப்பர் துண்டு ஒன்றும் மெல்லிய கத்தி ஒன்றும் கொண்டுவந்து தந்தாள். "மதினி கீறுவா எண்டு சொன்னீங்கதானே, உண்மையா விருப்பமெண்டா இதில கீறட்டும், வெட்டுற விதம் நான் போனில சொல்லிக் குடுக்கிறன்" என்றாள். இரண்டையும் துணியில் சுற்றி இதோடு அனுப்புகிறேன், கத்தி கவனம், சின்னவனின் கைக்கு எட்டாமல் வை. கீறு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் விருப்பம்.

வெயில் நேரம் பிள்ளைகளை வெளியே விடாதே, மருமகனுக்கு எங்கள் சலாம் சொல். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த பறக்கத்தும் தரட்டும். இதை வாசித்தபின் உடனே போன் எடுக்க வேண்டாம், ஒரு நாள் கழித்து எடு. நான் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

உன்னிடம் மன்னிப்பு வேண்டும்
உம்மா
அஸீமா