சூசை, நீயும்தான் அங்பாவ் வாங்கினாய்

என் அன்புச் சூசைக்கு,

நீ மண்ணுக்குள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுத மனம் வரவில்லை. செத்தவனைத் திட்டக் கூடாது என்கிறார்கள். நீ உயிரோடு இருந்த காலத்தில் சிங்கப்பூரில் இருந்தாய், அங்கே ரயிலேறி வந்து திட்ட எனக்கு வசதியில்லை. அதனால் இப்போது திட்டுகிறேன், கேட்டுக்கொள்.

முதலில் ஊர்ச் செய்தி. கோலாலம்பூரில், நம் பிரிக்பீல்ட்ஸ் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நாம் பந்து பழகிய செம்மண் தரைக்குச் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். விழுந்தால் முழங்கால் போய்விடும், ஆனால் பந்து நேராக எழும்புகிறது. கூடையில் பந்து விழுந்ததும் இரண்டு பேர் நடுவில் போய்க் குதிப்பார்களே, அந்த வழக்கமும் போய்விட்டது. விழுந்த பந்தை அங்கேயே எடுத்து வீசுகிறார்கள், ஆட்டம் நிற்காமல் ஓடுகிறது. நடுவில் குதிப்பதில் உன்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. இப்போது இருந்திருந்தால் உன் பாடு திண்டாட்டம்தான்.

இதையெல்லாம் நான் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். ஏன் வெளியே என்று உனக்குத் தெரியும். இதைப் பத்திரிகையில் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன்.

நாம் இருவரும் ரயில்வே குவாட்டர்ஸ் பிள்ளைகள், ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். கிள்ளானில் ரப்பர் வியாபாரம் செய்த ஒரு தௌக்கே, சீன முதலாளி, நம் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் தன் கிடங்கில் வேலைக்கு எடுத்துக்கொண்டார். பகலில் ரப்பர் ஷீட் நிறுத்துப் போட வேண்டும், சாயங்காலம் அவர் குழுவுக்குக் கூடைப்பந்து ஆட வேண்டும். அத்தனை சீனப் பையன்களுக்கு நடுவில் நாம் மட்டும்தான் தமிழர்கள். முதல் ஆட்டத்தில் நம்மைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. பாதி ஆட்டம் முடிவதற்குள் அதே கூட்டம் நம் பெயர்களைத் தப்பும் தவறுமாகக் கூவியது.

“அந்தோணி, இதுதான்டா நம்ம வேல. ரப்பரு நிறுக்கிறதெல்லாம் சும்மா லா,” என்று நீ ரயிலில் சொன்னாய். சட்டையில் ரப்பர் நாற்றம், காலில் கான்வாஸ் சப்பாத்து கடித்த புண். ஆனாலும் எனக்கு வானத்தில் பறப்பது போலத்தான் இருந்தது. நீ பந்தை எந்தப் பக்கம் தருவாய் என்று நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. அவ்வளவு நம்பினேன் உன்னை.

அடுத்து வந்த சீனப் புத்தாண்டில் ஓர் ஆட்டம் வைத்தார்கள், ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் தௌக்கே தன் மனைவியோடு வந்து, கல்யாணமாகாத பையன்களை வரிசையாகக் கூப்பிட்டு, இரண்டு கையாலும் அங்பாவ் கொடுத்தார். பெருநாளுக்குப் பெரியவர்கள் சிவப்பு உறையில் வைத்துத் தரும் காசு அது. தோற்றுப்போன குழுவின் பையன்களுக்கும் கொடுத்தார். நமக்குப் பயிற்சி கொடுத்தவர் குடும்பஸ்தர் என்பதால் அவருக்கு ஆரஞ்சுப் பழம் மட்டும்தான் கிடைத்தது. “உனக்கு ஏன் கல்யாணம் ஆச்சு?” என்று எல்லாரும் அவரைக் கேலி செய்தோம். நீதான் அதிகமாகச் சிரித்தாய்.

பிறகு மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். சிங்கப்பூர் போய் ஆடும் அணி. மற்ற இடங்கள் நிரம்பிவிட்டன, உனக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஓர் இடம் மிச்சம். ஆட்டத்துக்குக் காசு வாங்கியவன் அந்த அணியில் சேர முடியாது என்பது விதி. ஆள் எடுக்க வந்த வெள்ளைக்காரத் துரை நம் இருவரையும் ஒன்றாக நிற்க வைத்து, “யாராவது காசு வாங்கியதுண்டா?” என்று கேட்டார். நம் ஊர்க் கூடைப்பந்துச் சங்கச் செயலாளர் அதைத் தமிழில் எடுத்துச் சொன்னார்.

நான் மடையன். மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்து, “சம்பளம் கிடங்கு வேலைக்கு வாங்குறேன். விளையாட்டுக்குன்னு எதுவும் இல்ல, புத்தாண்டுக்கு அங்பாவ் கொடுத்தாங்க, அவ்வளவுதான்,” என்றேன். “எப்போது கொடுத்தார்?” என்றார் துரை. ஆட்டம் முடிந்ததும் என்றேன். அவர் முகம் மாறியது. அது பெருநாள் வழக்கம், கல்யாணமாகாத எல்லாருக்கும் கொடுப்பார்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் உன் பக்கம் திரும்பினார்.

“அப்படியானால் உனக்கும் கொடுத்திருப்பார், இல்லையா?”

நீ என்னைப் பார்க்கவில்லை. “நோ, சார்,” என்றாய்.

அவ்வளவுதான் சூசை. ஆமாம் என்று நீ சொல்லியிருந்தால் அது வழக்கம் என்று துரைக்குப் புரிந்திருக்கும். ஒருவேளை இருவர் மேலும் குற்றமில்லை என்று விட்டிருக்கலாம், இல்லை இருவரையும் சேர்த்தே தள்ளியிருக்கலாம். நீ இல்லை என்றதும் நான் மட்டும் கூலிக்கு ஆடியவன் ஆகிவிட்டேன். தௌக்கே கோபத்தோடு கோலாலம்பூருக்கே வந்து பேசிப் பார்த்தார். கொடுத்தவர் சாட்சி செல்லாது என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு எந்தக் குழுவும் என்னைச் சேர்க்கவில்லை. நான் இன்றைக்கும் அதே கிடங்கில் ரப்பர் நிறுக்கிறேன். நீ சொன்ன அந்தச் சும்மா வேலைதான் எனக்கு மிஞ்சியது.

நீ சிங்கப்பூரில் ஆடினாய், பேர் எடுத்தாய், அங்கேயே துறைமுகத்தில் நல்ல வேலையும் கிடைத்தது. காய்ச்சலோடு திரும்பி வந்தாய், பிழைக்கவில்லை. உன் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். தூக்கும்போதுகூட, இவன் ஒரு தடவையாவது என்னிடம் வந்து பேசியிருக்கலாமே என்றுதான் நினைத்தேன். காய்ச்சலில் கிடந்தபோதாவது ஆளனுப்பிக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? நான் வந்திருக்க மாட்டேனா?

போன வாரம் உன் வீட்டுக் கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று அடைக்கப் போயிருந்தேன். அப்போது செயலாளரும் இன்னொருவரும் வந்தார்கள். உன் வருடப் பூசையை ஒட்டி ஒரு போட்டி நடத்தப்போகிறார்களாம், கோப்பைக்கு உன் பெயராம். “காசுக்கு ஆசப்படாம ஆடுன பிள்ள,” என்று செயலாளர் உன் அம்மாவிடம் சொன்னார். ஏணியில் நின்ற என்னை அவர் பார்க்கவே இல்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார்.

உன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “ஆமாய்யா, அவனுக்குக் காசு பெரிசில்ல. சீனப் பெருநாளுக்குத் தௌக்கே கொடுத்த செவப்பு அங்பாவக்கூட பிரிக்காம எங்கையிலதான் கொடுத்தான். மாதாவுக்கு மெழுகுவத்தி வாங்கி வச்சேன்.”

செயலாளர் கோப்பியைப் பாதி குடித்து வைத்துவிட்டு எழுந்தார். நான் ஏணியிலிருந்து இறங்கி வாசல்வரை பின்னால் போய், “கேட்டீங்கள்ல, அண்ணே?” என்றேன். “செத்தவன் பேரு தம்பி. அத இப்பக் கிண்டி என்னா ஆவப்போவுது லா,” என்று சைக்கிளில் ஏறினார். நான் இன்னும் செத்துப்போகவில்லை என்று அவருக்கு யார் சொல்வது?

உள்ளே வந்தால் உன் அம்மா, “நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டேனா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லம்மா,” என்று ஏணியில் ஏறிவிட்டேன். அவர் கீழே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து இதை எழுதினேன். பத்திரிகைக்குக் கொடுப்பதற்கு முன் உன் அம்மாவிடம் எடுத்துப் போனேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஊரார் வாயால் கேட்பதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று படித்துக் காட்டினேன். நீ ‘நோ, சார்’ என்ற இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நிறுத்தட்டுமா என்றேன். “படி,” என்றார்.

முடித்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு சொன்னார்: “ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் அந்தச் செயலாளர் வீட்டுக்குப் போவோம். நீ கூட வா. எம்புள்ள சொல்லாதத நான் சொல்றேன்.” நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார். “இதுல எதையும் மாத்தாதய்யா. திட்டுனது திட்டுனதாவே இருக்கட்டும். ஆனா கடைசில அண்ணன்னு போடு. அவனுக்கு வேற யாரு இருக்கா?”

ஞாயிற்றுக்கிழமை நான் போவேன், சூசை. உன் அம்மா பேசி முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நிற்பேன், அவரை அங்கே தனியாக விடமாட்டேன். அதற்குப் பிறகாவது என்னை ஆட விடுவார்களா, தெரியாது. விட்டால் ஆடுவேன். உன்னை மன்னித்துவிட்டேனா என்று மட்டும் கேட்காதே. இன்னும் இல்லை. கீழே உள்ள வார்த்தையை உனக்காகப் போடவில்லை, அவர் கேட்டதற்காகப் போடுகிறேன்.

உன் அண்ணன்,
அந்தோணி