வவ்வாலுக்கு ஐந்து விரல்

14.7.70, செவ்வாய்
புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது. சயின்ஸ் வகுப்பில் அந்தப் படம்: மனிதக் கை, ஆட்டின் முன்னங்கால், வவ்வால் இறக்கை. டீச்சர் எச்சில் தொட்டு அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். "இது பரீட்சைக்கு வராது." வள்ளி எழுந்து, "நாம குரங்குல இருந்தா டீச்சர் வந்தோம்?" "நீ வந்திருப்ப. உக்காரு." வகுப்பே சிரிப்பு. இந்த டீச்சருக்குக் காலேஜ் பட்டம் வேறு.

என்னிடம் நிஜ எலும்பே இருக்கிறது. மச்சில் செத்த வவ்வால், எறும்பு சுத்தமாக்கியது. அடுப்படி ஆட்டுக்கால். தையல் வகுப்புச் சிவப்பு நூலால் தனித்தனி முடிச்சு. பித்தளை அண்டாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் மேலே ஓர் எலும்பு, மூட்டு, மணிக்கட்டு, விரல். ஆட்டுக்கு இரண்டு குளம்பு. வவ்வாலுக்கு ஐந்து விரல், என்னைப் போலவே. பறக்க, நடக்க, எழுத ஒரே அமைப்பு. ஆதியில் ஒரே வம்சம் இல்லையென்றால் இது எப்படி?

16.7.70, வியாழன்
புளி போட்டு விளக்குவதற்கு அண்டாவை எடுத்தார்கள். ஆத்தா அலறல்: "யாரோ செய்வினை வச்சிருக்காக!" வாயே திறக்கவில்லை நான். தெரிந்தால் பள்ளிக்கூடம் போச்சு.

17.7.70, வெள்ளி
குறி சொல்ல ஒரு கோடாங்கி. பெரிய மீசை. வவ்வால் எலும்பை விரித்து எண்ணினான். "அஞ்சு விரல். பச்சப்பிள்ள கை, ஆச்சி. இந்த வீட்டுல பிள்ளையப் பறிகொடுத்தவக யாரு?" ஈர்க்குச்சி மாதிரி நீள விரல் எந்தப் பிள்ளைக்கு? தடிமாடு. ஆனாலும் டீச்சர் திருப்பிவிட்டதை இந்த மடையன் பார்த்துவிட்டான். கை என்று சொன்னானே.

எல்லோரும் சித்தப்பா மனைவி சின்னாத்தாவைப் பார்த்தார்கள். அவளுக்குத் தை மாதம் பிறந்த பிள்ளை அன்றே போனது. எல்லாம் அவளால்தான் என்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். மற்றவர்களோடு சேர்ந்து நானும் அவளைப் பார்த்தேன். தூ.

18.7.70, சனி
சொல்லிவிட்டேன். "அது வவ்வாலு. நாந்தான் வச்சேன்." ஆத்தா அறைந்தாள். மறுபடி வந்திருந்த கோடாங்கி சிரித்தான்: "பாத்தீகளா ஆச்சி, செத்த பிள்ள இவ வாயில வந்து பேசுது." மச்சுக்கு ஓடினேன். செத்துக் கிடந்த இன்னொரு வவ்வாலை முற்றத்தில் போட்டு இறக்கையை விரித்தேன். எலும்பைப் பக்கத்தில் வைத்தேன். விரலுக்கு விரல். கோடாங்கி உடுக்கையைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பெற்ற அப்பச்சிதான், எலும்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "திங்கக்கிழமையிலேர்ந்து பள்ளிக்கூடம் வேணாம்."

19.7.70, ஞாயிறு
சின்னாத்தா போகவில்லை. என் புத்தகங்கள் ஆத்தாவின் பெட்டியில், பூட்டோடு. மத்தியானம் கோழி. நறுக்கிக்கொண்டிருந்த சின்னாத்தா மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அடியே, இங்குட்டு வா. இந்த ரெக்கையில மூணுதான இருக்கு. மிச்சம் ரெண்டு விரலு எங்குட்டுப் போச்சு?"